பாய்லருக்கு அடியில் ஒரு ‘ஆ’

1

இந்தக் கதை பிறந்த இடம் பல் வைத்தியரின் நாற்காலி. இதைவிடக் கௌரவமான இடம் ஏதாவது சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், அகப்படவில்லை.

போன மாதம் டாக்டர் ஓஸ்வால்ட் என் வாய்க்கு மேல் குனிந்து, “ஆ சொல்லுங்க” என்றார். சொன்னேன். எனக்கு முன்னால் அதே நாற்காலியில் ஒரு மலையாள நர்ஸ் சொன்னாள். அவளுக்கு முன்னால் ஒரு கன்னடத்து வக்கீல். எல்லோரும் ஒரே ‘ஆ’. இருபது நிமிஷம் வாயைத் திறந்தபடி பேசாமல் கிடந்தேன். எழுபத்தொரு வயதில் இதுதான் முதல் தடவை. பேச முடியாவிட்டால் யோசனை வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த யோசனைக்குள் மதலைமுத்து மேஸ்திரி வந்து நின்றார், தலைக்கு மேல் ஒரு பாய்லரோடு.

2

தொடக்கம் ஒன்று: ‘1958, மார்ச். அடுகோடியின் தகரக் கூரைகளின் மேல் வெயில்—’

வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நான் நிழலில் உட்கார்ந்துதான் படிப்பேன், அது கதைக்கு மரியாதை இல்லை.

தொடக்கம் இரண்டு: ‘மதலைமுத்துவின் குரல் ஓசூர் ரோடு முழுக்கக் கேட்கும். ஒருமுறை அவர் தும்மியதில் ஆனேக்கல் பஸ், ஸ்டாப் இல்லாத இடத்தில் நின்று, இரண்டு பேர் இறங்கியும்விட்டார்கள்—’

இது நடந்தது. நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆகவே அடித்துவிட்டேன். (அடித்தது தெரிகிறதா? தெரியட்டும்.)

தொடக்கம் மூன்று, இதுதான் நிற்கிறது:

அடுகோடியில் கமலாம்பா எஞ்சினியரிங் பட்டறை என்று ஒன்று. அங்கே பாய்லர் செய்தார்கள். செய்த பாய்லரை லாரியில் ஏற்ற மூன்று மரங்களைச் சாய்த்துக் கட்டி, உச்சியில் கப்பி மாட்டி, எட்டுப் பேர் கயிறு இழுப்பார்கள். எட்டுப் பேருக்கும் மேஸ்திரி மதலைமுத்து. அவருடைய வேலை ஒன்றே ஒன்று. ‘ஆ’ என்பார். கயிறு ஒரு முழம் நகரும். சொல்லாவிட்டால் நகராது. இருபது வருஷமாக இப்படித்தான். எந்தப் பாய்லரும் விழுந்ததில்லை.

3

இனி மேனேஜர் வர வேண்டும். அவரை வில்லனாக எழுதத்தான் ஆசைப்பட்டேன். ஒத்துவரவில்லை.

சீனிவாசராகவன் மல்லேஸ்வரத்துக்காரர். பாட்டனார் காலத்திலிருந்தே மைசூர் சர்க்கார் உத்தியோகக் குடும்பம். வெளிநாட்டில் ஆறு மாதம் பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். அங்கே ஒரு தொழிற்சாலையில், கிரேனுக்குக் கீழே நின்ற ஒரு மனிதன் அவர் கண் முன்னாலேயே சுமை விழுந்து போனான். ‘ஒரு கையுறை மட்டும் கிடைத்தது’ என்பார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டார். திரும்பி வரும்போது கைப்பையில் பாதுகாப்பு விதிப் புத்தகம் ஒன்று இருந்தது.

பட்டறைக்கு வந்த முதல் வாரமே மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

“மேஸ்திரி, நீங்க கத்தறேளே, ஆபீஸ் வரைக்கும் கேக்கறதே, அது என்ன பாஷை?”

“பாஷையா? சத்தம் சார் அது.”

“கயிறு இழுக்கறவா ஆளுக்கு ஒரு பாஷை. ஒருத்தனுக்கு ஒரு மாதிரி அர்த்தமாச்சுன்னா?”

“இதுவரைக்கும் ஆகலையே.”

“ஆனப்புறம் பேசறதுக்கு ஆள் இருக்கமாட்டா, மேஸ்திரி.”

உத்தரவு அன்றைக்கே வந்தது. ‘ஆ’வுக்கு யார் யாருக்கு என்ன அர்த்தம் என்று விசாரணை. அது முடிந்ததும், எந்த மொழியிலும் அர்த்தமே இல்லாத புதுச் சொல். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சோதனை. கயிறு ஒழுங்காக அசைந்தால் சரி. அசையாவிட்டால் மின்சார மணி வரும், மதலைமுத்து கேட் காவலுக்குப் போவார்.

மதலைமுத்து அன்று நீலசந்திராவில் இருந்த வீட்டுக்கு நடந்தே போனார். வழியெல்லாம் கேட் வேலையை யோசித்துப் பார்த்தார். கேட்டில் ‘யாரு?’ என்று கேட்க வேண்டும். அவருக்கு அது தெரியும்தான். ஆனால் அதற்கு எதுவும் மேலே எழும்பாதே.

4

விசாரணை ஆறு நாள் நடந்தது. டைப்பிஸ்ட் பெர்னதெத் குறிப்பெடுத்தாள்.

[நிறுத்துங்கள். என் நண்பர் வைத்தீஸ்வரன் இந்த இடத்தில் குறுக்கே விழுகிறார். ஒக்கலிபுரத்தில் இருக்கிறார், எல்லாவற்றையும் சரிபார்ப்பார். “அந்தப் பட்டறையில பொம்பளை டைப்பிஸ்டே கிடையாதே ஓய்” என்கிறார். இருக்கலாம். ஆனால் அவள் இல்லாவிட்டால் இந்தப் பட்டியலை யார் டைப் அடிப்பது? எனக்கு டைப் தெரியாது. ஆகவே பெர்னதெத் இருக்கிறாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், விரலில் கார்பன் கறை.]

முதலில் காதர் வந்தார்.

“எங்க உருதுல ‘ஆ’ன்னா ‘வா’ சார். மேஸ்திரி இருபது வருஷமா என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. நானும் போகாம நின்னுக்கிட்டே இருக்கேன்.”

கெம்பண்ணா: “நம்ம கன்னடத்துல ‘ஆ’ன்னா ‘அந்த’. ‘ஆ மனே’ன்னா அந்த வீடு. மேஸ்திரி ‘அந்த’ன்னுதான் சொல்றாரு. எந்தன்னு நானும் கேட்டதில்லை.”

மல்லய்யா: “தெலுங்குலயும் அதேதான் சார். மூக்கால சொன்னா ‘சரி’ன்னு ஆகும். இவருக்கு மூக்கால வராது.”

குஞ்ஞப்பன் மலையாளி. அவர் தோளைக் குலுக்கினார். “ஆ!”

“என்ன ஆ? அர்த்தத்தைச் சொல்லும்.”

“அதுதான் சாரே அர்த்தம். ‘ஆருக்கறியாம்’, யாருக்குத் தெரியும்னு.”

ரெமிஜியஸ் தமிழர். “பசு சார். பள்ளிக்கூடத்துல படிச்சது. வீட்ல அப்படிச் சொன்னா சிரிப்பாங்க, அங்க மாடுதான்.”

எட்டில் மீதி மூன்று பேரும் தமிழர்கள்தான், ஆகவே இன்னும் மூன்று பசு. (இந்த இடத்தில் அடிக்குறிப்பு போட வேண்டும். அடியில் இடமில்லை, இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்: கேள்வி கேட்கும்போது சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும் ‘ஆ’வை யாரும் சொல்லவில்லை. ‘அப்படியா’, ‘வந்தானா’. தினம் நூறு தடவை வாயில் இருப்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இந்தச் சின்ன விஷயத்தை மனதில் வைத்திருங்கள். இதேபோல இன்னொன்றையும் எல்லோரும் மறந்திருந்தார்கள்.)

மேனேஜருக்கே உற்சாகம் தாங்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “சமஸ்கிருதத்துல ‘வரைக்கும்’! எழுதிக்கோ அம்மா! பெர்னதெத், உங்க இங்கிலீஷ்ல?”

“‘ஓகோ, புரிஞ்சுது’ங்கற மாதிரி சார். புரியாதப்பவும் சொல்லுவோம்.”

ஒரு எழுத்து! ஒரு மூச்சு! அதற்குள் மாடு மேய்கிறது, வீடு நிற்கிறது, ஒருவன் கூப்பிடுகிறான், இன்னொருவன் கைவிரிக்கிறான். உண்மையில் அந்த அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். கதைக்காக வரிசையில் நிறுத்தியிருக்கிறேன்.

மதலைமுத்து மட்டும் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

பெர்னதெத் மூன்று பிரதி டைப் அடித்தாள். மேனேஜர் உரக்கப் படித்தார்: “பசு, அந்த, வா, யாருக்குத் தெரியும், வரைக்கும். இதை நம்பியா ஒன்றரை டன்?”

5

புதுச் சொல் கிடைத்தது. அதைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. எதைச் சொன்னாலும் யாராவது ஒருவர் வெட்கப்பட்டார். கடைசியில் அகப்பட்டதை நான் இங்கே எழுதமாட்டேன். உங்கள் வீட்டு மொழியில் அதற்கு ஏதாவது அர்த்தம் இருந்து தொலைத்தால் அச்சாபீஸுக்குக் கல் வரும். [_____] என்று விட்டிருக்கிறேன். பென்சிலால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை. முற்றத்தின் நடுவே பாய்லர். கேட் அருகில் லாரி. முப்பதடி தள்ளி, மேஸ்திரிக்காகப் புதிதாகக் கட்டிய பரண், வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கைப்பிடியோடு. கத்துவதற்கு ஒரு தகரக் கூம்பு. தொங்கும் சுமைக்கு அடியில் எவரும் நிற்கக் கூடாது என்பது புத்தகத்தில் முதல் விதி.

மதலைமுத்து ஏறினார். ஏணி புதுசு, கால் கூசியது. மேலிருந்து பார்த்தால் பாய்லர் சின்னதாகத் தெரிந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. கூம்பை வாயில் வைத்து, “[_____]!” என்றார்.

எட்டுப் பேரும் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். கயிறு அசையவில்லை.

“[_____]!”

ம்ஹும்.

“என்னய்யா, ஸ்டிரைக்கா?” என்றார் மேனேஜர்.

“ஐயோ, இல்ல சார்!” என்றார் ரெமிஜியஸ். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. இழுக்கத்தான் பார்த்தார்.

“சரி, பழசையே சொல்லுங்க மேஸ்திரி!”

மதலைமுத்து நெஞ்சு நிறைய மூச்செடுத்து, “ஆ!” என்றார். ஓசூர் ரோட்டில் நாய்கள் பதில் சொன்னன. லாரி டிரைவர் கீழே இறங்கிவிட்டார். கயிறு மட்டும் அப்படியே நின்றது.

இங்கேதான் கதை எனக்கு உயிர் கொடுத்தது. இத்தனை நாள் நானும் மேனேஜரைப் போலச் சொல்லையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்!

கெம்பண்ணாதான் வாயைத் திறந்தார். “மேஸ்திரி மேல இருக்காரே சார். அடியில யாருமில்லாத இரும்பை எப்படி இழுக்கறது? கை கேக்கமாட்டேங்குது.”

“அடியிலயா?”

“அவரு எப்பவும் அடியிலதானே நிப்பாரு. பாய்லர் வயித்துல கைய வெச்சுக்கிட்டு.”

“எத்தனை வருஷமா?”

“மொதல் நாள்லேருந்து.”

பேசிவைத்து வந்த வழக்கமில்லை அது. ஆரம்ப நாட்களில் எட்டுப் பேரில் பாதிப் பேருக்கு அவர் பேச்சு முழுசாகப் புரியாது. அவர் ஒன்றும் விளக்கவில்லை, போய்ச் சுமைக்கு அடியில் நின்றுகொண்டார். தப்பாகக் கூப்பிட்டால் விழுவது அவர் மேல். தப்பாக இழுத்தாலும் அவர் மேல்தான். அதற்குப் பிறகு எவரும் தப்பாக இழுக்கவில்லை.

மேனேஜர் பரணைப் பார்த்துக் கத்தினார். “ஆறு நாள் விசாரணை நடத்தினேனே! இதை ஏன் சொல்லலை?”

கூம்பை வாயிலிருந்து எடுக்க மறந்ததால் மதலைமுத்துவின் பதில் அடுகோடி முழுக்கக் கேட்டது: “நீங்க அர்த்தம்தானே சார் கேட்டீங்க.”

6

மதலைமுத்து இறங்கினார். நேரே போய்ப் பாய்லருக்குப் பக்கத்தில் குந்தி, அதன் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தார். “ஆ” என்றார், மெதுவாகத்தான். கயிறு ஒரு முழம் நகர்ந்தது. “ஆ.” இன்னொரு முழம். பாய்லர் எழும்ப எழும்ப அவரும் அதன் கீழே நகர்ந்து நிமிர்ந்தார். மனிதன் தலைக்குச் சற்று மேலே அது நின்றது. லாரி பின்னால் வந்து நுழைய இன்னும் ஒரு முழம் வேண்டும்.

“வெளியே வாங்க, மேஸ்திரி!” மேனேஜர் கத்தினார். கையுறை அவர் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். “வெளியே வாங்கோ. உங்களைக் கேட்டுக்கு அனுப்பினா உயிரோடயாவது இருப்பேள்!”

“நான் வந்தா இது இப்படியே தொங்கும் சார். நீங்க வேணா உள்ள வாங்க.”

“விதி என்ன சொல்றதுன்னா—”

“புத்தகத்தை அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டு வாங்க. நனையப் போவுது உங்க வேர்வையில.”

சீனிவாசராகவன் புத்தகத்தைப் பெர்னதெத்திடம் கொடுத்தார். பேனாவையும் கொடுத்தார். குனிந்து உள்ளே போனார்.

பாய்லருக்கு அடியில் குளிர்ச்சியாக இருந்தது. துரு வாசனை. மேலே வெற்று இரும்பு. தன் மூச்சே அதில் பட்டுத் திரும்பி வருவது அவருக்குக் கேட்டது. அங்கிருந்து பார்த்தால் எட்டு முகங்களும் தெரிந்தன. எட்டும் அவர்கள் இரண்டு பேரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தன. கண் சிமிட்டவில்லை.

மதலைமுத்து மேனேஜரின் கையைப் பிடித்து இரும்பில் வைத்தார்.

“ஒரு முழம் பாக்கி சார். நீங்க கூப்பிடுங்க.”

7

இனி முடிவு. வைத்தீஸ்வரன் மூன்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

முதலாவது: மேனேஜர் கூப்பிடுகிறார், கயிறு அசைகிறது, பரணை உடைத்து அன்றைக்கே அடுப்பெரிக்கிறார்கள். எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தக் கையுறைக்குச் சொந்தக்காரனிடம் என்ன பதில் சொல்வது?

இரண்டாவது: மேனேஜர் பேசாமல் வெளியே வருகிறார். மணி மாட்டுகிறார்கள், மதலைமுத்து கேட்டில் ‘யாரு?’ என்று கேட்டபடி எண்பது வயது வரை இருக்கிறார். இது நல்ல முடிவு. யாரும் சாகவில்லை. எழுத உட்கார்ந்தேன்: ‘மதலைமுத்து கேட்டில் முதல் நாள்—’ பேனா ஓடவில்லை.

மூன்றாவதைப் படிக்கவே இல்லை. முதல் வரியில் ‘அறுந்து’ என்று இருந்தது.

எனக்கு நாளைக் காலை மறுபடியும் ஓஸ்வால்டிடம் போக வேண்டும், மீதிப் பல்லுக்கு. ஆகவே அவர்களை இருந்த இடத்திலேயே விட்டுப் போகிறேன். பாய்லர் தொங்குகிறது. லாரி உறுமுகிறது. எட்டுப் பேரின் கையும் கயிற்றில். சீனிவாசராகவன் வாயைத் திறந்துவிட்டார். அவர் கூப்பிட்டால் பரண் போகும். கூப்பிடாவிட்டால் மதலைமுத்து கேட்டுக்குப் போவார். திறந்த வாய்க்குள் பசு, அந்த, வா, யாருக்குத் தெரியும் எல்லாம் முண்டியடிக்கின்றன.

அவருக்குப் பக்கத்தில் இன்னும் ஒருவர் நிற்க இடம் இருக்கிறது, அளந்து பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். குனிந்து வாருங்கள். உள்ளங்கையை இரும்பில் வையுங்கள். அந்த எட்டு முகங்களையும் பாருங்கள்.

வாயைத் திறங்கள்.