சோடாத் தண்ணியில் மூன்று பிஸ்டன்

தறிக்கு அடுத்தபடியாகப் பஞ்சாட்சரம் பிரியம் வைத்திருந்தது அந்தப் பழைய மாருதி மேல்தான். பெரிய காஞ்சிபுரத்தில் அவர்கள் இருந்த தெருவில் நிறுத்த இடமில்லை என்று, செவிலிமேட்டில் மச்சான் வீட்டு வாசலில் விட்டிருந்தார். இந்த வருஷ மழை நேராக அங்கேதான் போயிற்று. பானட் முழுகத் தண்ணீர்.

வண்டியை இழுத்துக்கொண்டு போய் ஐயம்பேட்டை சிட்டிபாபு ஷெட்டில் போட்டார்கள். அங்கே ஏற்கெனவே நனைந்த வண்டிகள் கல்யாண மண்டபத்து வாசல் செருப்பு மாதிரிக் குவிந்து கிடந்தன. சிட்டிபாபு இன்ஜினைப் பிரித்தான். பிஸ்டன்களை அவற்றைத் தாங்கும் ராடுகளோடு உருவி, வால்வுகளோடு சாக்கில் போட்டுக் கட்டினான்.

“உள்ள துரு ஏறிக்கிச்சுண்ணே. ஆனா தேறும். கழுவத்தான் ஆளில்ல. வூட்டுக்கு எடுத்துக்கினு போயி கிருஷ்ணாயில்ல ஊறவச்சி பிரஷ் போட்டுக் கொண்டாங்க.”

பஞ்சாட்சரம் சாக்கைக் கொல்லையில் இறக்கிவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “இதுக்கு மேல இதுல ஒண்ணு கெட்டாலும் சரி, வண்டி காயலான் கடைக்குத்தான்.”

சின்னவள் கீர்த்தி சாக்குப் பக்கம் ஓடி வந்தாள். சித்திரையில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அந்த வண்டியில்தான் ஓட்டப் பழகப்போகிறாள் என்று தெருவில் பாதிப் பேரிடம் சொல்லியாகிவிட்டது. “நான் கழுவறேம்பா” என்று சாக்கை வாங்கிக்கொண்டாள்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்துத் தேய்த்து விரல் சிவந்ததுதான் மிச்சம். பிசுக்கு அசையவில்லை. அதே கொல்லையில் சித்தப்பா சிவராஜ் பெரிய அண்டாவில் சலவைச் சோடாவும் சோப்பும் போட்டுப் பட்டு நூலை வேகவைத்துப் பசை எடுத்துக்கொண்டிருந்தார். முரட்டு நூல் உள்ளே போய் மல்லிகைப்பூ மாதிரி வெளியே வந்தது. நூலை எடுத்துக்கொண்டு அவர் அலச நகர்ந்தார். அண்டாவில் தண்ணீர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

பட்டையே இந்தப் பாடு படுத்துகிற தண்ணீருக்குத் துரு எம்மாத்திரம் என்று தோன்றிவிட்டது கீர்த்திக்கு. பக்கத்து டப்பாவிலிருந்து இன்னும் நாலு கை சோடாவை அள்ளிப் போட்டு, சாக்கில் இருந்ததை அப்படியே கவிழ்த்தாள். சொர்ரென்று நுரை பொங்கிற்று. ஆஹா, அழுக்கு போகிறது என்று நினைத்தாள்.

போனது அழுக்கு மட்டும் இல்லை. ராடும் வால்வும் பிசுக்கில்லாமல் வந்தன. அலுமினிய பிஸ்டன் மூன்றும் கரிச்சட்டி நிறத்தில், அம்மை வார்த்த முகம் மாதிரி குழிகுழியாக வந்தன.

அன்று ராத்திரி வீடு அடங்கியதும் பக்கத்தில் படுத்திருந்த அக்கா அகிலாவை உலுக்கினாள்.

“அக்கா, நான் ஒண்ணு பண்ணிட்டேன்.”

“யாருடி பையன்?”

“பையன் இல்ல. பிஸ்டன்.”

முழுக்கதையையும் போர்வைக்குள் சொல்லி முடித்தாள். அகிலா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். “அடிப்பாவி, பசை எடுத்தவ அப்படியே அரக்கு கலர்ல ஒரு முக்கு முக்கி எடுக்கறதுதான?”

“சிரிக்காத. அப்பா வண்டிய எடைக்குப் போட்டுடுவாரு. அப்புறம் நான் எதுல ஓட்டப் பழகறது?”

அகிலா சிரிப்பை நிறுத்தினாள். “காலையில அப்பாவுக்கு முன்னாடி சாக்க எடுத்துக்கினு நீயே போ. சிட்டிண்ணா எதுனா வழி சொல்லும்.”

விடிந்ததும் விடியாததுமாகக் கீர்த்தி கொல்லைக்குப் போனாள். அங்கே பஞ்சாட்சரம் சட்டை போட்டுக்கொண்டு சாக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“நீ எதுக்கும்மா அலையற? நான் போறேன்.”

“நீங்க தறிய பாருங்கப்பா. நான் குடுத்துட்டு வரேன்.”

சாக்கின் ஒரு காதை அவரும் மறு காதை அவளும் விடவில்லை. ஷேர் ஆட்டோவில் நடுவில் சாக்கை வைத்துக்கொண்டு இரண்டு பேருமே போனார்கள். 

சிட்டிபாபு முடிச்சில் கை வைத்தானோ இல்லையோ, கீர்த்திக்கு அடக்க முடியவில்லை. “சிட்டிண்ணா, நான் சோடாத் தண்ணியில வேகவச்சிட்டேன். நூலு வேகவைக்கற தண்ணியில. பிஸ்டன் போச்சு.” அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

சிட்டிபாபு ஒரு பிஸ்டனை எடுத்துக் கட்டைவிரலால் தடவினான். “சோடா பிசுக்கதான் எடுக்கும் பாப்பா. துருவ ஒண்ணும் பண்ணாது. அலுமினியத்த சும்மா வுடாது, தின்னுடும்.”

சொல்லிக்கொண்டே மூன்றையும் வரிசையாகக் கண்ணாடிப் பலகை மேல் வைத்தான். குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். நடுவில் இருந்ததன் ராடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

“பிசுக்குல எனக்கே தெரியல. இது வளைஞ்சிருக்குது. உள்ள தண்ணி நிக்கசொல்ல எவனோ ஸ்டார்ட் அடிச்சிருக்கான். மேல வந்த பிஸ்டனு தண்ணிய நசுக்க முடியாம மாட்டிக்கினு ராடு வளைஞ்சிடுச்சு. சாவி யார்ணே வச்சிருந்தது?”

பஞ்சாட்சரம் சுவரில் தொங்கிய காலண்டரில் ராகுகாலம் பார்த்தார்.

“அண்ணே.”

“ஒரு தபாதான்பா போட்டேன். முழுகிக்கினு இருக்குது, பாத்துக்கினு நிக்கச் சொல்றியா?”

“போன்லயே சொன்னேனே, சாவிய மட்டும் தொடாதீங்கன்னு.”

“அதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்.”

கீர்த்தி அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். காலையில் அவர் ஏன் சாக்கை விடவில்லை என்பது இப்போது புரிந்தது.

சிட்டிபாபு மூலையைக் காட்டினான். அங்கே இதே மாடல் வண்டி ஒன்று மரம் விழுந்து கூரை அமுங்கிக் கிடந்தது. “இவன் இன்ஜின்ல சொட்டுத் தண்ணி போவல. ஓனர் பார்ட்ஸா கழட்டிக்கச் சொல்லிட்டாரு. பிஸ்டன், ராடு செட்டா எடுத்து, சைஸ் பாத்து, ரிங்கு புதுசு போட்டா ஓடும். ராடு வளைஞ்சதுக்கு எப்படியும் அதான் வைத்தியம். பாப்பா வேகவச்சாலும் அதான், வேகவைக்காட்டாலும் அதான். செய்யவா, இல்ல காயலான் கடையா?”

 பஞ்சாட்சரம் கரிப்பிடித்த பிஸ்டனைக் கையில் எடுத்து உருட்டினார்.

“காயலான் கடைக்குப் போட்டா இவங்கம்மா ஏன் எதுக்குன்னு கேப்பா. எனக்குப் பதில் சொல்ல முடியாது. செஞ்சிடுப்பா.”

திரும்பும்போது ஆட்டோவில் நடுவில் சாக்கில்லை. சர்வதீர்த்தக் குளம் தாண்டியதும் அவர் மெதுவாகக் கேட்டார்.

“நுரை எம்மாம் வந்துச்சு?”

“அண்டா வாய் வரைக்கும்பா.”

“பட்டுக்குக்கூட அம்மாம் வராதே” என்றார் பஞ்சாட்சரம், நிஜமான ஆச்சரியத்தோடு.