மாரிச்செல்வியின் இருபத்தொன்பது ஆப்சென்டுகள்

சங்குக்கரை நடுநிலைப்பள்ளியில் ஒரு பிள்ளை வராவிட்டால், அந்தப் பிள்ளையின் ஆப்சென்டைச் சாயங்காலத்துக்குள் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். பெற்றோருக்குத் தகவல் போகாமல் இருக்கக்கூடாது என்பதில் அந்தப் பள்ளிக்கூடம் கறார். கொண்டுபோய்ச் சேர்ப்பவர் பியூன் தவசிமுத்து. சைக்கிள் கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் ஆப்சென்டை உட்காரவைத்து, விழுந்துவிடாமல் ஒரு கையால் பின்னால் பிடித்துக்கொண்டே மிதிப்பார். வீட்டில் இறக்கி நோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது.

ஆப்சென்ட் கண்ணுக்குத் தெரியாது. தூக்கினால்தான் தெரியும். காய்ச்சல் ஆப்சென்ட் கொதிக்கும். கல்யாண வீட்டு ஆப்சென்டில் கேசரி வாசம் அடிக்கும். வயிற்றுவலி என்று புளுகிவிட்டுக் கிணற்றில் குதிக்கப் போன பயலின் ஆப்சென்ட் கேரியரில் அடங்கி உட்காராமல் துள்ளிக்கொண்டே வரும். தவசிமுத்து அதை இறக்கும் விதத்திலேயே தாய்க்காரிக்கு விஷயம் விளங்கிவிடும். கையெழுத்துப் போடும் முன்னாலேயே விளக்குமாற்றைத் தேட ஆரம்பித்துவிடுவாள்.

பிள்ளை திரும்பி வரும்போது லீவு லெட்டர் கொண்டுவர வேண்டும். லெட்டர் இல்லாமல் வகுப்பில் உட்கார முடியாது. லெட்டர் வந்ததும் தவசிமுத்து போய், அதில் எழுதியிருக்கும் நாட்களின் ஆப்சென்டுகளைத் திரும்ப ஏற்றிவந்து, கிழிந்த தேசப்படங்கள் கிடக்கும் ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிடுவார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை ஆப்சென்ட் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்கலாம். ஆனால் வருகையில் சேராது என்பதால் அதற்குச் சத்துணவு கிடையாது, முட்டையும் கிடையாது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த விதிகள்தான்.

முப்பது நாள் விதிதான் பொல்லாதது. தொடர்ந்து முப்பது நாள் வராத பிள்ளையின் பெயரைத் தலைமையாசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். அந்த முப்பதாவது ஆப்சென்டை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. இடம் அதற்கே சொந்தம். அது எட்டாம் வகுப்புவரை படித்துவிட்டுப் போகும். பிள்ளையின் வீட்டுக்கு அதற்குப்பிறகு தகவல் எதுவும் வராது.

ஜேசுபாலன் என்ற பையனுக்கு இரண்டு வருஷம் முன்பு அப்படி ஆனது. அவனுடைய ஆப்சென்ட் இப்போது எட்டாவதில் மூன்றாம் பெஞ்சில் இருக்கிறது, கணக்கில் கெட்டி என்கிறார்கள். ஜேசுபாலன் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்கிறான். அவனைப் பார்த்தால் தவசிமுத்து சைக்கிள் பெல்லைத் துடைப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்.

உப்பளத்தில் வேலை தொடங்கிய மாதத்தில், ஏழாம் வகுப்புக் கரும்பலகையின் மூலையில் ‘பதிவு 31, வருகை 30’ என்று வந்தது. குறைந்த ஒன்று மாரிச்செல்வி. மதியம் போடும் முட்டையில் வெள்ளைக்கருவை மட்டும் தின்றுவிட்டு, மஞ்சள்கருவைத் தம்பிக்கென்று நோட்டுத் தாளில் மடித்து எடுத்துப்போகிற பெண் அவள். தவசிமுத்துவுக்கு அவளை அதனாலேயே பிடிக்கும். அன்றைய ஆப்சென்ட் ஒரு புத்தகப்பை கனம்தான் இருந்தது. ஆனால் அதில் பால் வாசம் அடித்தது. இது ஒரு நாளில் தீர்கிற ஆப்சென்ட் இல்லை என்று அவருக்கு அப்போதே பட்டுவிட்டது.

வீட்டு வாசலில் மாரிச்செல்வி எட்டு மாதத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா சண்முகக்கனி காலில் உப்புப் பூத்திருக்க உள்ளேயிருந்து வந்தாள்.

“நான் வேணும்னா நிறுத்தினேன் அண்ணாச்சி? விடியமுன்ன அளத்துக்குப் போனா மதியம்தான் வாரேன். இவ அப்பா போர் போடுத வண்டியில வடக்க கெடக்காவ. இத்தன நாளும் நாத்தனா பிள்ளையப் பாத்துக்கிட்டா. அவளுக்குக் கல்யாணம் ஆயிப் போயிட்டு. இவன அளத்து வெயில்லயா கொண்டுபோயி போட?”

“நான் என்னத்தச் சொல்ல தாயி. கையெழுத்தப் போடு,” என்றார் தவசிமுத்து.

ஆனால் அவர் உடனே கிளம்பவில்லை. தகவல் என்றால் முழுத் தகவலாக இருக்க வேண்டாமா? அன்றைக்குப் பின்னம் நடத்தியது, ஆறாம் வகுப்பு ஜன்னலில் குருவி கூடு கட்டியது, காலைக் கூட்டத்தில் கொடி பாதியில் சிக்கிக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னார். மாரிச்செல்வி ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள்.

“என் எடத்துல யாரும் பை வைக்கலையே மாமா?”

“ஏஞ்சல் விட்டால்லா வைக்க. அவ ரப்பர உன் பக்கம்தான் வச்சிருக்கா. உன் ஆப்சென்ட் எடுத்துக்கிடட்டும்னு.”

அதற்குப்பிறகு தினமும் ஒன்று வந்தது. சண்முகக்கனி முதல் ஐந்தைச் சுவரோரமாக வரிசையாக உட்காரவைத்தாள். அடுத்த ஐந்தை அதற்கு முன்னால் வைத்தாள். அவள் பெற்ற பிள்ளையுடையது ஆயிற்றே, கண்டபடி போடுவதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. இருபது நாளானபோது அந்த ஒற்றை அறையில் பாய் விரிக்க இடமில்லை. அம்மாவும் மகளும் வரிசைகளுக்கு நடுவில் ஒருக்களித்துப் படுத்தார்கள். தவழ ஆரம்பித்த தம்பி ஒவ்வொன்றின் முழங்காலையும் பிடித்துப் பிடித்து எழுந்து நின்று பார்த்தான்.

ஆப்சென்டும் நாளுக்கு நாள் கனத்தது. இருபத்தைந்தாவது ஒரு அரிசி மூட்டை கனம் இருந்தது. தவசிமுத்து மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, அந்த வீட்டுக்குத் தகவல் போவது நின்றுவிடக்கூடாதே என்றுதான் அவர் நினைத்தார்.

இருபத்தொன்பதாம் நாள் வியாழக்கிழமை. தலைமையாசிரியர் மாணிக்கவாசகம் சிவப்பு மையை நிரப்பிப் பேனாவை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. விதியை மாற்றி எழுத அவரிடம் வேறு மை இல்லை, அவ்வளவுதான். வகுப்பாசிரியை அமலோற்பவம் டீச்சர் ஆப்சென்டைக் கேரியரில் ஏற்றக் கைகொடுத்தார். “அண்ணாச்சி, நாளைக்கு...” என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் வகுப்புக்குள் போய்விட்டார். தவசிமுத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனபோது மாரிச்செல்வி குழாயடிக்குப் போயிருந்தாள். சண்முகக்கனி கொல்லையில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே தம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். யாரோ மடியை ஆட்டுவதுபோல மெல்ல ஆடிக்கொண்டிருந்தான். ஈ வந்தபோது அது அவன்மேல் உட்காரும் முன்பே விரட்டப்பட்டது.

சண்முகக்கனி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “அது போன திங்கக்கிழம உள்ளது. அதுட்டதான் தூங்குவான். கஞ்சி குடிக்கணும்னா வெள்ளிக்கிழமட்ட போயிருவான்.”

“எத்தன நாளா?”

“பத்து நாளா இப்பிடித்தான்.”

“அப்ப இவ எதுக்குத் தாயி வீட்டுல கெடக்கா?”

சண்முகக்கனி தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அனுப்பினா லீவு லெட்டர் கேப்பாவ. லெட்டர் குடுத்தா நீங்க வந்து அம்புட்டையும் ஏத்திட்டுப் போயிருவிய. பெறவு இவன யாரு பாப்பா? நானும் நெனச்சு நெனச்சுப் பாத்துட்டேன்.”

ஏற்றிக்கொண்டு போக வேண்டியவர் தவசிமுத்துதானே. இருபத்தொன்பதாவதைக் கடைசி வரிசையில் இறக்கிவைத்துவிட்டு நோட்டை நீட்டினார். சண்முகக்கனி இருபத்தொன்பதாம் முறையாகக் கையெழுத்துப் போட்டாள். போட்டவள் நோட்டைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“அண்ணாச்சி, போன நாளுக்குத்தான் லெட்டர் எழுதணும்னு விதி இருக்கா?”

தவசிமுத்து விதிகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். “அப்பிடி இல்ல. லெட்டர் வேணும்னுதான் இருக்கு.”

அப்போது மாரிச்செல்வி குடத்தோடு உள்ளே வந்தாள். “ஏட்டி, கொடத்த எறக்கு. நோட்ட எடுத்து நான் சொல்லுதத எழுது,” என்றாள் அம்மா.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மாணிக்கவாசகம் பேனா மூடியைக் கழற்றினார். அதே நேரம் மாரிச்செல்வி வாசலில் வந்து நின்றாள். ஒரு மாதத்தில் சீருடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. தவசிமுத்து மணி அடிக்கும் சுத்தியலைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். மாரிச்செல்வி லெட்டரை நீட்டினாள். தலைமையாசிரியர் சத்தமாக வாசித்தார்.

“மதிப்பிற்குரிய ஐயா, என் மகள் மாரிச்செல்வி பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியிருப்பதால், இன்று முதல் முழு ஆண்டுத் தேர்வு முடியும்வரை, காலை ஒன்பதரையிலிருந்து மாலை நாலரை மணிவரை அவளால் வீட்டுக்கு வர இயலாது. ஆகவே அவளுக்கு வீட்டிலிருந்து விடுப்பு அளித்துள்ளேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இப்படிக்கு, சண்முகக்கனி.”

இரண்டாம் தடவை மனசுக்குள் வாசித்தார். “போன இருபத்தொன்பது நாளுக்கு?”

“அதுக்கு லெட்டர் தரல சார். அதெல்லாம் வீட்டுல தம்பியப் பாத்துக்கிட்டு இருக்கு.”

மாணிக்கவாசகம் விதிப் புத்தகத்தை எடுத்தார். லெட்டரில் எழுதியிருக்கும் நாட்களின் ஆப்சென்டுகளைத்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்று இருந்தது. இந்த லெட்டரில் இருந்ததெல்லாம் இனி வரப்போகும் நாட்கள். அவற்றுக்கு ஆப்சென்டே கிடையாது. லெட்டரின் ஓரத்தில் ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதினார். எழுதியது சிவப்பு மைதான். பிறகு பேனாவை மூடினார். தவசிமுத்து மணியை வழக்கத்தைவிட நாலு அடி கூடுதலாக அடித்தார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

பெயர் கூப்பிட்டபோது, “உள்ளேன் டீச்சர்,” என்று மாரிச்செல்வி சொன்னாள். ஏஞ்சல் ரப்பரைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள். அமலோற்பவம் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பலகை மூலையில் ‘பதிவு 31, வருகை 31’ என்று எழுதினார்.

மதியம் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது சண்முகக்கனி அளத்திலிருந்து வீட்டுக்குப் போய்விட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். இடுப்பில் எதையோ தூக்கி வைத்திருந்தாள். அக்குளில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. தவசிமுத்துவுக்கு முன்னால் வந்து மெதுவாக இறக்கிவைத்து மூச்சு வாங்கினாள்.

“என்ன தாயி?”

“காலையில இருந்து பிள்ள வீட்டுல இல்ல அண்ணாச்சி. தகவல் சொல்லணும்லா? கையெழுத்தப் போடுங்க.”

தவசிமுத்து புது நோட்டின் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அதைத் தூக்கினார். அரை நாள் ஆப்சென்ட்தான். ஆனால் வியாழக்கிழமை கொண்டுபோனதைவிடக் கனமாக இருந்தது. இவ்வளவு தூரம் இவள் எப்படித்தான் சுமந்து வந்தாளோ என்று அவருக்குப் பாவமாக இருந்தது.

“புள்ள சிரிச்சாளா?” என்று சண்முகக்கனி கேட்டாள்.

“ரெண்டு தடவ. இங்கிலீஷ் பாடத்துல ஒண்ணு. ஏஞ்சல் என்னமோ சொன்னதுக்கு ஒண்ணு.”

சண்முகக்கனி அதைக் கேட்டுக்கொண்டு தம்பியைப் பார்க்கத் திரும்பிப் போனாள். அமலோற்பவம் டீச்சர் உள்ளே போய் வருகையை அழித்து 32 என்று எழுதினார். வீட்டிலிருந்து முறையாக வந்து சேர்ந்தது என்பதால், அதற்கும் ஒரு தட்டு கொடுத்து மாரிச்செல்வியின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். சமையலம்மா முப்பத்திரண்டு முட்டை எண்ணிப் போட்டார்.

மாரிச்செல்வி தன் முட்டையை முழுசாகத் தின்றாள். பக்கத்தில் இருந்தது வெள்ளைக்கருவை மட்டும் தின்றுவிட்டு, மஞ்சள்கருவை நோட்டுத் தாளில் மடித்து எடுத்துவைத்துக்கொண்டது.