முகம் மறைக்காத பதிவு

கிழக்கு வெளுக்கும் முன்பே நிலக்கடலை உடைக்கும் மில்லின் களத்தில் பெண்கள் குனிந்துவிட்டிருந்தார்கள். குவிந்து கிடந்த மல்லாட்டையின் மேல் ஒருத்தி குடத்துத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போக, மற்றவர்கள் இரண்டு கைகளாலும் கொட்டையைப் புரட்டி ஈரத்தைப் பரப்பினார்கள். ஈரம் குறைந்தால் உடைக்கும்போது பருப்பு பிளக்கும். கூடினால் பூஞ்சை பிடிக்கும். அந்த அளவு அவர்களுடைய உள்ளங்கைகளுக்குத்தான் தெரியும். பிறகு கூடை கூடையாக அள்ளி, இடுப்பில் ஏற்றி, மிஷின் வாயில் கொட்டினார்கள். மிஷின் ஓடத் தொடங்கியதும் செம்மண் தூசியும் தோல் சிம்பும் எழுந்து, சற்று நேரத்தில் யார் முகம் எதுவென்று தெரியாமல் போனது.

மதில் இடிந்திருந்த இடத்தில் ஸ்டாண்டை ஊன்றி, பூங்குழலி அதைப் படம்பிடித்துக்கொண்டிருந்தாள். மும்மலை டிவியின் செய்தியாளர் அவள். செஞ்சியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் கேபிள் உள்ள வீடுகளில் மாலை ஏழு மணிக்கு வருகிற செய்திக்காகக் கேமராவைத் தூக்குவதும் அவள்தான், கேள்வி கேட்பதும் அவள்தான்.

அவளுக்கு வேண்டிய காட்சி கிடைத்துவிட்டது. மோட்டாரிலிருந்து மிஷினுக்குப் போகும் நீளமான பெல்ட் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடியிருக்க வேண்டிய கம்பிக்கூடு சுவரோரம் சாய்ந்து கிடந்தது. பெல்ட் நழுவும்போதெல்லாம் கூட்டைக் கழற்றி மாட்ட நேரமாகிறது என்று, சீசன் தொடங்கியபோது முதலாளி ராஜாங்கம் அதை எடுத்துப்போடச் சொல்லியிருந்தார். போன வாரம் அங்கே வேலை செய்யும் குஞ்சம்மாளின் வலது கை அந்தப் பெல்ட்டில் சிக்கியது. மூன்று விரல்கள் போயின. வீட்டில் மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கும்போது வெட்டுப்பட்டதாக ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னார் ராஜாங்கம். குஞ்சம்மாள் வீட்டில் மாடே கிடையாது.

டீ நேரத்தில் மூன்று பெண்கள் பக்கத்து நிலத்துப் பம்புசெட் கொட்டகைக்கு வந்தார்கள். கவிதா, மஞ்சு, இவர்களுக்கெல்லாம் மூத்தவளான விருத்தாம்பாள். விருத்தாம்பாள் பூங்குழலியின் ஊர்க்காரி, முறைக்கு அத்தை.

"பாப்பா, மூஞ்சி தெரியாதில்ல?"

"தெரியாது அத்தை. மறைச்சிடுவோம். கொரலையும் மாத்திடுவோம்."

"மாத்துறதுதான் மாத்துற, கொஞ்சம் இனிமையா மாத்து. எங்கூட்டுக்காரரு நாப்பது வருசமா அதத்தான் கேக்குறாரு."

கவிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பதிவு தொடங்கியதும், பேசுகிறவர் முதலில் தன் பேரையும் ஊரையும் சொல்ல வேண்டும். அது பூங்குழலி வைத்திருந்த பழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாலை விபத்தில் இறந்தவரின் பேருக்குப் பதில் அவருடைய தம்பியின் பேரைத் திரையின் அடியில் ஓடும் எழுத்தில் போட்டுவிட்டாள். தம்பியின் மாமியார் வீட்டார் மாலையோடு வந்து இறங்க, வாசலில் அந்தத் தம்பியே நின்று வரவேற்றார். அன்றிலிருந்து பேர் சொல்லாமல் யாரையும் அவள் பேசவிடுவதில்லை. ஒளிபரப்பும்போது அந்த இடத்தை வெட்டிவிடுவார்கள்.

மூவரும் பேர் சொன்னார்கள், ஊர் சொன்னார்கள். பிறகு நடந்ததைச் சொன்னார்கள்.

சேனலின் உரிமையாளர் தனசேகரன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத் துணிக்கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்த பூங்குழலியை, "கொரலு நல்லா இருக்குது" என்று அழைத்துவந்து பிறந்தநாள் வாழ்த்து வாசிக்க வைத்தவர் அவர்தான். காலனிப் பெண் கையில் மைக்கா என்று சிலர் முணுமுணுத்தபோது, "அவ என் தங்கச்சி மாதிரி" என்று வாயடைத்தவரும் அவர்தான். பதினோரு வருடத்தில் அவள் தேர்த் திருவிழாவிலிருந்து குடிநீர் மறியல் வரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். எந்த ஊருக்குப் போனாலும் பெண்கள் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

"சூப்பர்மா," என்று கேமராவின் மெமரி கார்டை வாங்கிக்கொண்டார் தனசேகரன். "ஏழு மணிக்கு மொத நியூஸ் இதான்."

ஏழு மணிக்குக் கோட்டை பார்க்கவந்த பள்ளிப் பிள்ளைகளைக் காட்டினார்கள். ஒரு கல்யாண மண்டபத் திறப்புவிழாவைக் காட்டினார்கள். போன் செய்து கேட்டாள். "நேரம் பத்தலம்மா. நாளைக்குப் போட்டுடலாம்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு விருத்தாம்பாள் கூப்பிட்டாள்.

"இன்னாடி பண்ணி வெச்ச?"

"இன்னா அத்தை?"

"கேட்டுலயே நிறுத்திட்டான் ராஜாங்கம். அவன் போன்ல எம்மூஞ்சிய எனக்கே காட்டுறான். எம்பேரு விருத்தாம்பாள், எந்த ஊருன்னு நானே அதுல சொல்றேன். மூணு பேரையும் வெளிய போன்னுட்டான். மிச்சம் இருக்குறவளுங்க, குஞ்சம்மா வூட்டுலதான் வெட்டிக்கினான்னு கையெழுத்துப் போடணுமாம்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நம்ம ஊருப் பொண்ணுன்னு நம்பி வந்தேண்டி."

போன் அணைந்தது.

சேனல் அலுவலகத்தில், படங்களை வெட்டி ஒட்டும் அரிகிருஷ்ணன் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். கேட்டபோது அவன் திரையைவிட்டுத் திரும்பவில்லை.

"நான்தான் காப்பி போட்டேன். சார் சொன்னாரு."

"இது ஒண்ணுதானா?"

மவுஸைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னான்: "ஏரி மண்ணு நியூஸ் ஞாபகம் இருக்குதா? செங்கல் சூளை? வராத நியூஸ் எல்லாம் வராமப் போவல குழலி. வேற எடத்துக்குப் போச்சு."

அவளுக்கு இரண்டும் ஞாபகம் இருந்தன. ஏரியில் மண் திருடுவதைச் சொன்ன பெரியதம்பியின் பம்புசெட் வயரை அடுத்த மாதமே யாரோ அறுத்துப்போட்டார்கள். சூளையில் பேசிய புருஷனும் பெண்டாட்டியும் ஊரைவிட்டே போனார்கள். பெரியதம்பி அதற்குப் பிறகும் கடைத்தெருவில் அவளைப் பார்த்தால், "நியூஸ் எப்பம்மா வரும்?" என்று கேட்பார். நேரம் பத்தலண்ணே என்று சொல்லியிருக்கிறாள்.

தனசேகரன் உள்ளே வந்தார்.

"அண்ணே, மூணு பேரு வேல போச்சு."

"உக்காரும்மா. டீ சாப்டியா?"

"முகத்த மறைப்போம்னு வாக்குக் குடுத்தேன்."

"டிவியில எவ முகமும் வரலியே. உன் வாக்கு எங்க கெட்டுச்சு?"

"ராஜாங்கம் போன்ல வந்திருக்குது."

"அவன் எடத்துலதான் என் கேபிள் கம்பம் நிக்குது. எனக்கும் டென்ஷன் இருக்குதும்மா. இன்னா எடுத்தீங்கன்னு கேட்டான், காட்டுனேன்."

"எத்தன வருசமா காட்டுறீங்க?"

அவர் முகம் இறுகியது. "கேமரா என்னுது. கார்டு என்னுது. மைக்குல இருக்குற பேரு என்னுது. துணிக்கடையில நின்ன உன்னக் கூட்டியாந்தது யாரு?"

"நீங்கதான். எதுக்குக் கூட்டியாந்தீங்கன்னு இன்னிக்குத்தான் தெரியுது. உங்களப் பாத்தா வாயத் தொறக்காதவங்க, என்னையப் பாத்தா தொறப்பாங்க."

மைக்கை மேசைமேல் வைத்தாள். அது உருண்டு கீழே விழுந்தது. எடுக்காமல் வெளியே வந்தாள்.

அவள் மில்லுக்குப் போனபோது, கேட்டுக்கு வெளியே மூவரோடு குஞ்சம்மாளும் நின்றிருந்தாள். கட்டுப்போட்ட கையைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்திருந்தாள். உள்ளே கூடைகளோடு மற்ற பெண்கள். நடுவில் காகிதத்தோடு ராஜாங்கம்.

"போடி," என்றாள் விருத்தாம்பாள்.

ராஜாங்கம் சிரித்தார். "வா டிவிம்மா. நல்லாத்தான் புடிச்சிருக்கிற. ஒவ்வொருத்தியும் பளிச்சுன்னு தெரியுறாளுங்க."

பூங்குழலி கேட்டருகே போனாள். மைக் இல்லாமல் கூட்டத்தின் முன் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. கத்தித்தான் சொன்னாள்:

"அத எடுத்தது நான். மறைச்சிடுவேன்னு நம்பவெச்சு எடுத்தேன். என்னைய ஏமாத்துனாங்க. ஆனா உங்களுக்கு வாக்குக் குடுத்தது நான்தான். அந்தப் பெல்ட்டு தெறந்து ஓடுறத என் கண்ணால பாத்தேன். எந்த ஆபீசுல கேட்டாலும் சொல்லுவேன்."

"சொல்லு. ஆதாரம் எங்க? கார்டு தனசேகரன்கிட்ட இல்ல இருக்குது?"

"ஆதாரம் ஓடிக்கினு இருக்குதே மொதலாளி," என்றது உள்ளிருந்து ஒரு குரல். சுவாதி. அன்றுவரை அந்த மில்லில் அதிகம் பேசாதவள். பெல்ட்டைக் கைநீட்டிக் காட்டினாள்.

"கையெழுத்தப் போட்டுட்டு வேலையப் பாருடி."

"நாளைக்கு எங்கையி போச்சுன்னா எந்த மாட்டக் காட்டுவீங்க?"

யாரோ சிரித்தார்கள். சுவாதி கூடையை இறக்கிவைத்தாள். பக்கத்தில் நின்றவள் இறக்கினாள். ஒவ்வொன்றாகக் கூடைகள் தரைக்கு வந்தன. மோட்டாரை யார் நிறுத்தினார்களோ, தெரியவில்லை. பெல்ட் இரண்டு சுற்று இழுத்து நின்றது.

"போங்க எல்லாம்! நாளைக்கே வேற ஊருலேந்து ஆள எறக்குறேன்."

"எறக்கு," என்றாள் விருத்தாம்பாள். "எவ்ளோ தண்ணி தெளிக்கணும்னு நீயே சொல்லிக்குடு."

விழுப்புரம் பஸ்ஸில் இருபத்திரண்டு பேர் ஏறினார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுப்பதென்று முடிவு. பூங்குழலிக்கு யாரும் இடம் பிடிக்கவில்லை. குஞ்சம்மாள்தான் நகர்ந்து கொடுத்தாள். போனில் அரிகிருஷ்ணனின் செய்தி வந்தது. அவள் அதைச் சத்தமாகப் படித்தாள்: "அந்தப் பதிவு என்கிட்ட ஒரு காப்பி இருக்குது. எடுத்துக்கினு வரேன். பயமாத்தான் இருக்குது."

"இவன நம்பலாமா?" என்றாள் விருத்தாம்பாள்.

"தெரியல அத்தை."

"உன்னையும்தான் தெரியல. மனுவ எழுது."

பஸ் குலுங்கக் குலுங்க எழுதினாள். முதல் பத்தி முடிந்ததும் படிக்கச் சொன்னார்கள். "மேற்படி மில்லில் எதிர்பாராதவிதமாக நடந்த விபத்தில்..."

"நிறுத்து. அத அடி."

"எத?"

"எதிர்பாராத. எவ எதிர்பாக்கல? கம்பிக்கூட்டக் கழட்டுன அன்னிக்கே நாங்க எதிர்பாத்தோம்."

"ஆமா, அன்னிக்கே நான் சொன்னேன்," என்றாள் மஞ்சு. பின் இருக்கையிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

பதினோரு வருடமாக ஒவ்வொரு சாவுக்கும் அவள் வாசித்த சொல் அது. ஒருநாளும் அவளுக்கு உறுத்தியதில்லை. பேனாவை அழுத்திக் கோடு போட்டாள். காகிதம் கிழிந்தது.

"வேற தாள் எடு," என்றாள் விருத்தாம்பாள். எழுந்துவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் தோளருகில் நின்றாள். "மொதல்லேந்து வரோம். ராஜாங்கம் கூட்டக் கழட்டச் சொன்னாரு. எழுது. யாரு கழட்டுனா, எந்த மாசம், எல்லாத்தையும் நாங்க சொல்றோம்."