வெட்டி எடுத்த குரல்

பெய்ரோங் டீச்சரின் இரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியின் செயலியில் ஒரு பக்கம் இருந்தது. பிள்ளை வாசிப்பதை டேப்லெட்டில் பதிவுசெய்து ஏற்றிவிட்டால், பெற்றோர் கைபேசியில் பார்த்துக்கொள்வார்கள். பெற்றோர் தினம் நெருங்கியும் யுன்சியின் பக்கம் மட்டும் காலியாகக் கிடந்தது. அவளுக்கு வாசிப்பு ஏறவில்லை. இரண்டாவது சொல்லிலேயே திக்கி நின்றுவிடுவாள்.

பக்கம் காலியாக இருப்பதைத் தலைமையாசிரியர் கவனித்துக் கேட்டுவிட்டார். அன்று மதிய ஓய்வு நேரத்தில் மற்றப் பிள்ளைகள் மேசையில் தலைசாய்த்துத் தூங்குகையில், பெய்ரோங் அவளை நூலகத்துக்கு அழைத்துப்போனாள். ஒவ்வொரு வரியையும் தான் முதலில் சொல்லி, அவளைத் திருப்பிச் சொல்லவைத்துப் பதிவுசெய்தாள். பிறகு தன் குரல் வந்த இடங்களையெல்லாம் வெட்டி எடுத்தாள். நரிக் கதையைத் தங்குதடையின்றி வாசிக்கும் ஒரு யுன்சி மிஞ்சினாள்.

யுன்சியின் அம்மா லீஹுவா ஜியாயி நகரச் சந்தைக்குள் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருந்தாள். வந்தவர் போனவருக்கெல்லாம் அந்தக் காணொளியைக் காட்டினாளாம். அடுத்த வாரம், வாசிப்பில் பின்தங்கியவர்களுக்கான தனி வகுப்புக்குச் சம்மதம் கேட்டபோது குரல்பதிவு அனுப்பினாள்.

“இவ்ளோ அழகா வாசிக்கிற பொண்ணுக்குத் தனி வகுப்பு எதுக்கு டீச்சர்? அந்த இடத்தை வேற புள்ளைக்குக் குடுங்க.”

பெற்றோர் தினத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பெய்ரோங் இருந்தாள். அன்று லீஹுவா கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னதில் வாய் வரவில்லை. தனி வகுப்பு யுன்சி இல்லாமலே தொடங்கியது. தினமும் அந்தப் பிள்ளையின் முகத்தில் விழிக்க முடியாமல் போகவே, ஒரு சனிக்கிழமை கடைக்கே போய் நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

லீஹுவா அடுப்பை அணைத்தாள்.

“வீட்ல வாசிடின்னா வாயே தெறக்க மாட்டா. டீச்சர்கிட்ட மட்டும் வாசிக்கத் தெரியுது, எங்கிட்ட திமிரான்னு கேட்டு ரெண்டு தடவ அடிச்சிட்டேன்.”

அந்நேரம் பின்கட்டிலிருந்து கோப்பைகளோடு வந்த யுன்சி, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நான் அம்மாகிட்ட எதுவும் சொல்லல டீச்சர்,” என்றாள் பயந்துபோய்.

சொல்லாதே என்று பெய்ரோங் கேட்டுக்கொண்டதே இல்லை. அடி வாங்கிய பிறகும் பிள்ளை தானாகவே ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறது. பெய்ரோங் குனிந்து கோப்பைகளை வாங்கிக்கொண்டாள்.

“தப்பு பண்ணது நான்டா. நீ ஒண்ணும் பண்ணல.”

லீஹுவா தனி வகுப்புக்குச் சம்மதம் கொடுத்தாள். டீச்சரின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை பெய்ரோங் தலைமையாசிரியரிடமும் உண்மையைச் சொல்லி, கடுமையாகத் திட்டு வாங்கினாள். பழைய காணொளியை நீக்கிவிட்டு, யுன்சியை மறுபடி வாசிக்கவைத்துப் பதிவுசெய்தாள். நான்கே வரிகள், நிற்கும் இடமெல்லாம் நின்று, தவறும் இடமெல்லாம் தவறி வாசித்தாள். பெய்ரோங் எதையும் வெட்டாமல் ஏற்றினாள்.

அம்மா பார்த்துவிட்டதாகச் செயலி காட்டியது. முன்பெல்லாம் உடனே பூவும் இதயமும் அனுப்புகிறவள், இம்முறை ஒன்றும் அனுப்பவில்லை.