வாலடியில் ஆரஞ்சு நிறம்

எல்லோரும் நலம்தானே? வீட்டில் சின்னவர்கள், பெரியவர்கள் எல்லாம் சௌக்கியமா? இருமல், சளி என்று யாரும் படுத்துக்கொள்ளவில்லையே? நல்லது. அப்படியென்றால் கையில் இருக்கும் தேநீர் ஆறுவதற்குள் மர்ஹூனுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பஹ்ரைனில் வெள்ளிக்கிழமைப் பறவைச் சந்தைக்கு ஒருதரம் போனவர்களுக்குக்கூட மர்ஹூனைத் தெரிந்திருக்கும். புறாக்கார தர்வீஷுக்குப் பக்கத்தில், இருபத்திரண்டு வருஷமாக ஒரே இடத்தில் பாய் விரித்து உட்காருகிறவர். கிளி விற்க மாட்டார், கேனரி விற்க மாட்டார். புல்புல் மட்டும்தான். அதுவும் கருந்தலை, பெரிய வெள்ளைக் கன்னம், வாலுக்கு அடியில் மஞ்சள் என்று இருக்கும் அந்த ஊர்ப் புல்புல். கண் திறக்காத குஞ்சாக எடுத்து, ஈரப் பேரீச்சை ஊட்டி, விரலை நீட்டினால் வந்து உட்காரும்படி பழக்கிவிடுவார்.

"சுத்தமான பஹ்ரைன் புல்புல்! கன்னத்தைப் பாருங்க, வாலடியைப் பாருங்க, அப்புறம் என் மூஞ்சியைப் பாருங்க!" என்று அவர் கூவினால் சந்தையே சிரிக்கும். ஆனால் நம்பும். அவரிடம் வாங்கியது அசல் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சந்தேகம் வந்தது. உம் ஜவாத் என்கிற அம்மாள், அபாயா என்கிற கறுப்பு அங்கிக்குள் கூண்டை இடுக்கிக்கொண்டு வந்து, அவருடைய பாயின் நடுவில் டக்கென்று வைத்தாள்.

"மர்ஹூன், இதுக்கு என்ன சாயம் போட்டே?"

"என்னம்மா சொல்றீங்க?"

"என் நாத்தனார் வீட்டுப் புல்புல்லுக்கு வாலடி எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கு. இதுக்குப் பாரு, ஆரஞ்சுப்பழம் மாதிரி! அவ என்னைக் கேலி பண்றா. 'மர்ஹூன் உனக்கு மட்டும் பெயின்ட் அடிச்சுக் கொடுத்தானா'ங்கறா."

மர்ஹூன் சிரித்தார். அவருக்கு அந்த நிறம் தெரியும். போன வருஷம் எடுத்த குஞ்சு அது. இறகு மாறி நிறம் இறங்கியபோது மற்றதைவிட அழுத்தமாக இருந்தது. அதில் அவருக்குப் பெருமைகூட. "என் தீனி அப்படிம்மா. கேரட் துருவிப் போடறேன். நல்லா தின்னா நல்லா நிறம் வரும்" என்றார்.

"கேரட் தின்னா கன்னம் அழுக்காகுமா?" என்றாள் உம் ஜவாத்.

அப்போதுதான் மர்ஹூன் குனிந்து பார்த்தார். உண்மைதான். வெள்ளையாக இருக்க வேண்டிய கன்னத்தில் சாம்பல் பூசியது போல ஒரு மங்கல். பத்து மாதம் தன் கையில் வளர்ந்த பறவை. எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று அவருக்கே புரியவில்லை.

இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. சாயப் புகார் என்றால் அந்தச் சந்தையில் விளையாட்டில்லை. போன வருஷம் ஒருத்தன் விற்ற மஞ்சள் கேனரி, வாங்கியவர் வீட்டில் தண்ணீர்த் தொட்டியில் குளித்துவிட்டுச் சிட்டுக்குருவியாக வெளியே வந்தது. அன்றைக்குப் பாயைச் சுருட்டியவன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. சாயம் நிரூபணமானால் யாரானாலும் பாயைச் சுருட்ட வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர், சந்தைக்கே பெரியவரான தானியக் கடை ஹாஜி மிர்ஸா.

ஹாஜி ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் கொண்டுவரச் சொன்னார். பறவையை மெல்லப் பிடித்து, வாலடியைப் பஞ்சால் தேய்த்தார். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. மறுபடி தேய்த்தார். பறவைதான் நனைந்து கோபமாகக் கத்தியது.

"பாத்தீங்களா!" என்றார் மர்ஹூன்.

"மருதாணி கழுவினா போகுமா ஹாஜி?" என்றான் தர்வீஷ். "என் பொண்டாட்டி போன ஈதுப் பெருநாளுக்கு வச்சது இன்னும் நகத்துல இருக்கு."

"தர்வீஷ், உனக்கு என்னடா பண்ணினேன் நான்?"

"ஒண்ணும் பண்ணல மர்ஹூன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். முழுசா தீரட்டுமே."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஹாஜி யோசித்தார். பிறகு வாலடியிலிருந்து இரண்டே இரண்டு இறகை வெடுக்கென்று பிடுங்கினார். "புதுசா முளைக்கிற இறகு பொய் சொல்லாது. இது என் வீட்டுல இருக்கும். தீனியால வர்ற நிறமும் சாயம் மாதிரிதான், அதனால கேரட் கிடையாது, பேரீச்சம்பழம் மட்டும். நாலு வாரம். மஞ்சளா முளைச்சா நீ பாயைச் சுருட்டு. ஆரஞ்சா முளைச்சா இந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. அதுவரைக்கும் நீ விக்க வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் மர்ஹூன் மனைவி ஸக்கியாவைத்தான் முதலில் கேட்டார். "நீ ஏதாவது விளையாட்டா மருதாணி கிருதாணி வச்சியா?"

"உங்க தாடிக்கு வைக்கவே எனக்கு நேரமில்ல, குருவிக்கு வைக்கப் போறேனா?" என்றாள் அவள். "எங்கேருந்து எடுத்தீங்களோ அங்கே போய்ப் பாருங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் செய்யாத காரியம் அது. குஞ்சு எடுப்பது ஸக்கியாவின் தம்பி அப்துன்னபியின் தோட்டத்தில். விடியற்காலையில் போவார், கூட்டில் கையை விடுவார், கூட்டுக்கு ஒரு குஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். தாய் தகப்பனை நின்று பார்த்ததே இல்லை. பார்க்க என்ன இருக்கிறது? புல்புல் கூட்டில் இருப்பது புல்புல்தானே? கண் திறக்காத குஞ்சு எல்லாமே ஒரே மாதிரிச் சிவப்பு, ஒரே மாதிரி வழுக்கை.

மறுநாள் காலையில் தோட்டத்து இலந்தை மரத்தடியில் போய் உட்கார்ந்தார். பழம் பழுத்துக் கொட்டிக் கிடந்தது. முதலில் வெள்ளைக் கன்னம் ஒன்று வந்து கொத்தியது. அதை ஒட்டி இன்னொன்று. முழுக்கக் கருந்தலை, கன்னத்தில் வெள்ளையே இல்லை, வாலடி ரத்தச் சிவப்பு. நம் ஊரில் வேலிக்கு வேலி உட்கார்ந்திருக்கும் சின்னான்தான். அங்கே அதற்கு ஹிந்தி புல்புல் என்று பெயர். எப்போதோ கப்பலில் கூண்டோடு வந்து, கூண்டைவிட்டுத் தப்பி, தோட்டங்களில் தங்கிவிட்டது.

இரண்டும் சண்டை போடும் என்று மர்ஹூன் எதிர்பார்த்தார். வெள்ளைக் கன்னம் தலையைச் சாய்த்து இறக்கையைச் சிலிர்த்தது. சிவப்பு வாலடி ஒரு பழத்தைக் கொண்டுபோய் அதன் அலகில் வைத்தது.

"அப்து! டேய் அப்து! இங்கே வா!"

அப்துன்னபி மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தான். பார்த்தான். "ஆமா, அதுங்க ரெண்டும் ஜோடிதான். மூணு வருஷமா."

"மூணு வருஷமாவா! ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்கே மச்சான் கேட்டீங்க? வருவீங்க, கையை விடுவீங்க, தேநீர்கூடக் குடிக்காம ஓடுவீங்க."

"இது வேற ஜாதி, அது வேற ஜாதிடா. எப்படிச் சேரும்?"

"அதை என்கிட்ட கேட்டா? அதுங்ககிட்ட போய்ச் சொல்லுங்க, நீங்க வேற ஜாதின்னு." அப்துன்னபி ஒரு இலந்தைப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டான். "விதை போட்டு முளைக்கிற பேரீச்சை தாய் மாதிரியா காய்க்குது? மகரந்தம் எந்த மரத்துதோ அதோட குணமும்தான் வருது. இதுவும் அப்படித்தான் இருக்கும்."

மர்ஹூன் வீட்டுக்குத் திரும்பி நடந்தார். சாயம் இல்லை என்பது சரி, தப்பித்தாயிற்று. ஆனால் இரண்டு பறவைகள் எதை வைத்து ஒரே ஜாதி, எதை வைத்து வேறு ஜாதி? அவர் நினைத்து நினைத்துப் பார்த்தார். ஒன்றுக்குப் பூர்விகம் இராக், ஈரான் பக்கம். மற்றதற்கு இந்தியா. நடுவில் மலையும் பாலையும். ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்திருக்குமோ? ஆளுக்கொரு பக்கம் போய், ஒன்றுக்குக் கன்னம் வெளுத்து, ஒன்றுக்கு வாலடி சிவந்து, பாட்டும் கொஞ்சம் மாறி, பிறகு மனிதன் கொண்டுவந்து ஒரே இலந்தை மரத்தில் விட்டதும் அடையாளம் கண்டுகொண்டனவோ?

ஒரே ஒரு ஆறுதல் அவருக்கு இருந்தது. சந்தைக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு அது. கேனரிக்கும் காட்டுக் குருவிக்கும் பிறந்தது நன்றாகப் பாடும், ஆனால் அதன் முட்டை பொரிக்காது, கோவேறு கழுதை மாதிரி. இதுவும் அப்படியென்றால் இந்தக் கலப்பு இத்தோடு நின்றுவிடும். பழைய புல்புல் பழைய புல்புல்லாகவே இருக்கும்.

அதையும் பார்த்துவிடலாம் என்று தினமும் காலையில் போக ஆரம்பித்தார். தோட்டத்தைக் கூட்டுக்கூடாகத் தேடினார். மூன்றாவது வாரம் எலுமிச்சைச் செடியில் ஒரு கூடு கண்ணில் பட்டது. கூட்டில் உட்கார்ந்திருந்த பறவை சத்தம் கேட்டு எழுந்து பறந்தது. கன்னம் மங்கல், வாலடி ஆரஞ்சு. அவர் விற்றதன் கூடப்பிறந்ததாக இருக்க வேண்டும். அதன் ஜோடி சுத்த மஞ்சள் வாலடி. கூட்டில் மூன்று முட்டை. மர்ஹூன் கையை விடவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நான்காவது வெள்ளிக்கிழமை சந்தை நெரிந்தது. ஹாஜி மிர்ஸா பறவையை எடுத்து, ஊதி, இறகை விலக்கிக் காட்டினார். புதிதாக முளைத்த இரண்டு இறகும் பளிச்சென்று ஆரஞ்சு.

"அல்லாஹு அக்பர்!" என்று யாரோ கத்தினார்கள். தர்வீஷ் ஓடிவந்து மர்ஹூனின் தோளைக் கட்டிக்கொண்டான். "மன்னிச்சுக்க மர்ஹூன். கேரட் இல்லாமலும் இந்த நிறமா! அடேயப்பா, உன் பறவையே தனி ஜாதி! விரி பாயை, கூவு!"

வாயைத் திறந்தால் போதும். 'சுத்தமான பஹ்ரைன் புல்புல்' என்று கூவினால் அன்றைக்கு ஒரு கூண்டும் மிஞ்சாது. சந்தை முழுக்க அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது சுத்தம் இல்ல" என்றார் மர்ஹூன்.

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"தாய் தகப்பன் ரெண்டையும் பாத்துட்டு வந்திருக்கேன். ஒண்ணு நம்மது, ஒண்ணு ஹிந்தி. என் பறவை எல்லாமே அந்தத் தோட்டத்துதான். எதுல எவ்வளவு கலந்திருக்குன்னு எனக்குத் தெரியாது. இனிமே சுத்தம்னு நான் சொல்ல மாட்டேன். உம் ஜவாத், நீங்க சொன்னதுல பாதி சரி. அந்தப் பறவைக்குப் பதிலா வேற எது வேணுமோ எடுத்துக்கங்க."

தர்வீஷ் தலையில் அடித்துக்கொண்டான். "ஜெயிச்ச வழக்குல போய்த் தோக்கறியே, மனுஷா!"

உம் ஜவாத் ஹாஜியின் கையிலிருந்து பறவையை வாங்கினாள். நாலு வாரம் கழித்துப் பார்த்தும் அது அவள் விரலில் ஏறி உட்கார்ந்து, கழுத்தை நீட்டி இரண்டு குரலில் ஒரு பாட்டுப் பாடியது.

"வேற ஒண்ணும் வேண்டாம். என் நாத்தனார் வீட்டுது இதுல பாதிகூடப் பாடாது" என்றாள். பிறகு கண்ணைச் சுருக்கினாள். "ஆமா, இதுக்கு ஒரு ஜோடி பிடிச்சுக் கொடுத்தா குஞ்சு பொரிக்குமா?"

புல்புல் விஷயத்தில் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் மர்ஹூன், சந்தை நடுவில் நின்று, "தெரியலம்மா" என்றார். "எலுமிச்சைச் செடியில மூணு முட்டை இருக்கு. நாளைக்கோ மறுநாளோ தெரியும்."

மறுநாள் விடிகாலையில் அப்துன்னபி தோட்டத்து வேலிக்கு வெளியே நாலு வண்டி நின்றது. ஹாஜி, தர்வீஷ், உம் ஜவாத், அவள் நாத்தனார். ஆளுக்கொரு தேநீர்க் குவளையை நீட்டிவிட்டு, "சத்தம் போட்டா வெளியே அனுப்பிடுவேன்" என்றான் அப்துன்னபி. மர்ஹூன் கிளையை ஒரு விரலால் விலக்கினார். ஒரு முட்டை கூமுட்டை. மற்ற இரண்டும் பொரிந்து, இரண்டு சிவப்பு வழுக்கைத் தலைகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"வாலடி என்ன நிறம் வரும் மர்ஹூன்?" என்று ஹாஜி காதில் கிசுகிசுத்தார்.

"அடுத்த வருஷம் கேளுங்க ஹாஜி" என்றார் மர்ஹூன், குஞ்சுகளைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

உங்கள் வீட்டுப் பக்கமும் இதுவா அதுவா என்று சொல்ல முடியாத பறவை ஏதாவது வந்து உட்கார்ந்திருக்கிறதா? கன்னம், வால், பாட்டு எதில் வித்தியாசம் பார்த்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். யாரோடு ஜோடி சேர்ந்தது என்பதையும் விட்டுவிடாதீர்கள்.