சுத்திப் பார்க்க வந்தவர்

ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை செய்கிற நர்ஸுகள் அவள் கணவனுக்கு வைத்திருந்த பெயர் டூரிஸ்ட். ஷிஃப்ட் முடியும் நேரத்துக்குக் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வாசலில் வந்து நின்றால், "உன் டூரிஸ்ட் வந்தாச்சுடி" என்று உள்ளே குரல் வரும். கேலிதான். ஆனால் பாஸ்போர்ட்டும் அதையேதான் சொன்னது.

அவள் வேலைக்கு வந்த நாட்டில், அவளுடைய கிரேடில் இருக்கும் நர்ஸ் குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம், கணவனை வைத்துக்கொள்ள முடியாது. சட்டம் போட்ட புண்ணியவான் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று யோசிக்கவில்லை போலிருக்கிறது. ஊரில் அச்சகத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன், வேலையை விட்டுவிட்டுச் சுற்றுலா விசாவில் வந்து சேர்ந்தான். விசா முடியும்போதெல்லாம் பஸ் ஏறி எல்லையைத் தாண்டுவான், பக்கத்து நாட்டில் ஒரு டீயைக் குடிப்பான், புது முத்திரையோடு திரும்பி வருவான். சொந்தக்காரர்கள், "பொண்டாட்டி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே போயிட்டான்" என்று வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அவன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

போன தடவை எல்லையில் எச்சரித்துத்தான் உள்ளே விட்டார்கள். இந்தத் தடவை விடாவிட்டால் குழந்தையை அவனோடு ஊருக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அவள் வேலையை விட வேண்டும். லீவு போட்டுவிட்டுக் குழந்தையோடு தானும் கிளம்பினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எல்லை வரைக்கும் பாடம் நடந்தது.

"எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா?"

"சுத்திப் பார்க்க."

"என்னென்ன பார்த்தீங்கன்னு கேட்டா?"

"கடற்கரை, மியூசியம், கோட்டை."

"கோட்டை எங்க இருக்கு?"

"நம்ம காய்கறிக் கடைக்குப் பின்னாடியா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த நாட்டில் அவன் பார்த்ததெல்லாம் காய்கறிக் கடை, மருந்துக் கடை, ஆஸ்பத்திரி வாசல். போதாக்குறைக்குப் பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும்.

கவுன்டரில் கண்ணாடி போட்ட அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். எங்கே திறந்தாலும் முத்திரை. ஏதோ கேட்டார். அவனுக்குத் தெரிந்த உள்ளூர் மொழி தக்காளி வாங்கும் அளவுக்குத்தான். அதிகாரி அவன் பின்னால் நின்ற அவளைக் கூப்பிட்டு, சொல்வதை அப்படியே மாற்றிச் சொல் என்றார்.

"இங்க ஏதாவது வேலை பார்க்கிறீங்களான்னு கேக்குறார்" என்றபடி கண்ணாலேயே 'இல்லை' என்று ஜாடை காட்டினாள். எல்லாப் பாடமும் நடத்தியவள் இந்தக் கேள்வியை விட்டிருந்தாள்.

"பார்க்காம? எழுந்ததுல இருந்து வேலைதானே" என்றான் அவன்.

இல்லை என்கிறார் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் அதிகாரி தலையை நிமிர்த்தி, "வேலை?" என்றார், சுத்தமான தமிழில். எத்தனையோ தமிழர்கள் வேலை தேடி வந்து போன கவுன்டர் அது. நம் மொழியில் அந்த மனிதருக்குத் தெரிந்தது இந்த ஒரு சொல்தானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

என்ன வேலை, யாரிடம் வேலை என்று அடுத்தடுத்துக் கேட்டார்.

"என்ன வேலைன்னு கேக்குறார். சொல்லித் தொலைங்க."

அவன் நிதானமாகச் சொன்னான். "பால் பாட்டிலைக் கொதிக்க வைக்கணும். துணி துவைக்கணும். இவ நைட் டூட்டி முடிச்சு வந்து பகல்லதான் தூங்குவா. அதனால இவ வர்றதுக்குள்ள சமைச்சிடணும், அப்புறம் குக்கர் விசில் அடிச்சா முழிச்சுக்குவா."

ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னாள். விசில் என்ற இடத்தில் கையையும் ஆட்ட வேண்டியிருந்தது.

"அப்புறம் பாப்பா அழும். இருக்கறது ஒரே ரூம். தூக்கிட்டு மாடிப்படிக்குப் போயிடுவேன். இவ எழுந்திரிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் ஏறி இறங்கிட்டு இருப்போம்."

அவள் மாற்றிச் சொல்லாமல் அவன் பக்கம் திரும்பினாள். என் குழந்தை பகலில் அழவே அழாது என்று வார்டு முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னா நீ தூங்க மாட்டே."

அதிகாரி காத்திருந்தார். அதையும் சொன்னாள். இப்படிப்பட்ட ஒரு மனிதனோடு ஒரே அறையில் இருந்துகொண்டு, அவனைத் தெரியாமலே தூங்கியிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. சொல்லும்போது குரல் தானாக உயர்ந்தது. பொய்ப் பாடம் ஒன்றுகூட அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"அப்படியானால் இவருக்கு முதலாளி யார்?" என்றார் அதிகாரி.

அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. குழந்தையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் புரட்டி மிச்சமிருந்த வெற்றிடத்தில் முத்திரையைக் குத்தினார். இதுதான் கடைசி, அடுத்த முறை சரியான விசாவோடு வாருங்கள் என்றார்.

அடுத்த கிரேடுக்கான பரீட்சை எழுதுகிறேன், பாஸானால் குடும்ப விசா கிடைத்துவிடும் என்றாள் அவள். படிக்க நேரமில்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பரீட்சை அது. இப்போது சொன்னது வாய்வார்த்தையாக இல்லை.

"என்ன சொல்றார்?" என்றான் அவன்.

"இனிமே இந்த விசாவுல வராதீங்கங்கறார். இருக்கற வரைக்கும் ஒழுங்கா ஊரைச் சுத்திப் பாருங்க."

"பார்த்துட்டாப் போச்சு."

மறுபடி பஸ் ஏறியதும் ஜன்னல் சீட்டை அவனுக்குக் கொடுத்தாள். குழந்தையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"வலது பக்கம் கோட்டை வரும். நல்லாப் பார்த்துக்கோங்க, இன்னொரு தடவை கேட்டா சொல்லணும்."

அவன் சரியென்று கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டான். பஸ் வேகமெடுப்பதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான். கோட்டை வந்தது, வெயிலில் பளபளவென்று நின்றது, பின்னால் போனது. அவள் எழுப்பவில்லை.

கொஞ்ச தூரத்தில் குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. சட்டென்று அதைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் சீட்டுக்கும் கடைசி சீட்டுக்குமாக, வீடு வரும்வரை நடந்துகொண்டிருந்தாள்.