விடு என்ற சொல்லுக்கு மேற்கோள் குறி

1

இந்தக் கதையை நான் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுச் சமையலறைச் சுவர் வழியாகக் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்குக் கதை பேச்சாகத்தான் வரும். முகங்களை அப்புறம் நானாக ஒட்டவைப்பேன்.

"நீதான் விடுன்னு கத்துனே!"

"கோட்டுல கொடி பிடிச்சு நிக்கிறவ வாயைத் திறப்பாளாடி?"

முதலில் பேசியவள் தங்கை. கல்லூரி வாலிபால் அணி. (அங்கே விடு என்றால், பந்து வெளியே போகிறது, தொடாதே என்று அர்த்தம்.) பதில் சொன்னவள் அக்கா. நேற்றைய இறுதிப் போட்டியில், பந்து உள்ளேயா வெளியேயா என்று கொடியால் காட்டும் கோட்டு நடுவர். (தங்கை ஆடும் ஆட்டத்துக்கு அக்காவையா போடுவார்கள்? நானும் அதைத்தான் கேட்கிறேன். வர வேண்டியவருக்குத் திடீர்க் காய்ச்சலாம்.)

2

ஆட்டத்தை எழுதியாக வேண்டும். கடைசி செட். பதினான்கு–பதிமூன்று, எதிரணி முன்னிலை. அரங்கமே எழுந்து நிற்க, பந்து ஒரு நிலவைப் போல

(வேண்டாம். பந்து பந்தாகவே இருக்கட்டும்.)

பந்து பின்மூலைக்கு வந்தது. தங்கை கையை நீட்டினாள். [          ] மடக்கிக்கொண்டாள். பந்து கோட்டின் மேல் விழுந்தது. அக்கா கொடியைத் தாழ்த்தினாள்: உள்ளே. கோப்பை போயிற்று.

அந்த அடைப்புக்குள் எதைப் போடுவது? மேற்கோள் குறியோடு ஒரு சொல் போட்டால் அக்கா கத்தியதாக ஆகிவிடும். அவளுடைய நடுவர் சான்றிதழ் பறிபோகும். ஒன்றும் போடாவிட்டால், உள்ளே வந்த பந்தை விட்டவள் தங்கை; அணியில் ஒருத்திகூட இப்போது அவளோடு பேசுவதில்லை. நடுவர் கத்தியதால்தான் தோற்றோம் என்று தங்கையின் கல்லூரி புகார் கொடுத்திருக்கிறது. இன்று ஐந்து மணிக்குள் இருவரும் எழுதித் தர வேண்டும்.

3

அக்காவைப் பொய்க்காரியாக எழுதிப் பார்த்தேன். குரல் ஒத்துவரவில்லை. தங்கையைச் சாக்குச் சொல்கிறவளாக

அதுவும் சரிப்படவில்லை. ஏனென்றால்:

"ஆறு வருஷமா பிராக்டிஸ்ல உனக்கு விடு, எடுன்னு சொல்றது யாரு?"

"நீதான்."

"அதான். உன் மண்டைக்குள்ளயே கேட்டிருக்கும்."

"அதே பழக்கத்துல உன் வாயில வந்திருந்தா?"

குழாயை மூடும் சத்தம்.

"தெரியலடி. சத்தியமா எனக்கே தெரியல."

(எழுதுகிற எனக்காவது தெரிய வேண்டாமா?)

4

நாலரை மணி.

"என்னக்கா எழுதுனே?"

"தெரியாதுன்னு."

"கிறுக்கி! தெரியாதுன்னா கத்துனேன்னுதான் எடுத்துப்பாங்க."

"எடுத்துக்கட்டும். உன் பேப்பர் எங்க?"

"காலியா இருக்கு. நீ சொன்னேன்னு எழுதவா, சொல்லலைன்னு எழுதவா?"

"என்னைக் கேக்காதே. உன் காதுல விழுந்ததை எழுது."

"எழுதுனா உன் நடுவர் வேலை..."

"எழுதுடி."

நாற்காலி இழுபட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. மூன்று முடிவுகள் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். பேசினால் எனக்குக் கேட்கும். பேனா எழுதுவது சுவர் தாண்டிக் கேட்காது.

வாசிக்கிற நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறீர்கள்? கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லுங்களேன்.